கிணற்றடிக் குழாயில் கறண்ட்

அம்மா இரண்டு நாள் சொல்லாமல் இருந்துவிட்டார். கிணற்றடியில் மோட்டர் அறைச் சுவரோடு இறங்கும் இரும்புக் குழாயில் ஈரத் துவாயைப் போடும்போது விரல் நுனியில் ஏதோ ஊர்வது போல இருந்ததாம். சீனி வருத்தக்காரருக்கு விரல் விறைக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதுதான் என்று நினைத்துவிட்டார். மூன்றாம் நாள் காலைத் தேநீரோடு விசயம் வெளியே வந்தது. "அந்தக் குழாயைத் தொட்டால்தான் விறைக்குது. வாளியைத் தொட்டால் விறைக்கேல்லை." முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் ஓய்வூதியத்தோடு போய்விடவில்லை.

தேநீரை வைத்துவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிறுத்தினேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்து உரும்பிராயில். அப்பப்பா எழுபதுகளில் கட்டியது. உள்ளே இருந்த பழைய வயறிங்கை 2011இல் முழுதாக மாற்றினோம். கிணற்றடிக்குப் போகும் இணைப்பை மட்டும் விட்டுவைத்தோம், இரும்புக் குழாய்க்குள்தானே பத்திரமாக இருக்கிறது என்று. அந்தக் குழாய் பின் விறாந்தைத் தாழ்வாரத்தின் கீழ் தொடங்கி, குசினிச் சுவரோடு ஓடி, பிறகு மதிலோடு மோட்டர் அறைக்குப் போகிறது. மொத்தம் 18 மீற்றர். கறுப்பு எனாமல் பூசிய 20 மி.மீ. கொண்டிட், அதாவது வயர் போகும் குழாய். உள்ளே இரண்டே இரண்டு வயர்: சிவப்பு (மின்சாரம் வரும் லைவ்), கறுப்பு (திரும்பிப் போகும் நியூட்ரல்). கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் எர்த் வயர் கிடையாது. அந்தக் காலத்து வேலைகளில் குழாயே எர்த்தாக இருந்தது. திருகி இறுக்கிய மூட்டுகள் வழியாக ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை இரும்பு தொடர்ந்து போகும். லைவ் எங்காவது குழாயில் பட்டால் அந்த வழியே எர்த்துக்கு ஓடி பியூஸை எரித்துவிடும் என்பது கணக்கு.

குழாய் புதிதாக இருந்தவரை அந்த வழி அறாமல் இருந்தது. தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாமல் போன ஆண்டுகளில் அது சும்மா கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட காலம். குழாய்க்குள் கறள் பிடிக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

முதலில் ரெஸ்ரரை வைத்துப் பார்த்தேன். குழாயில் வைத்ததும் சிவப்பாக எரிந்தது. ஆனால் ரெஸ்ரரை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது. நீளமான வயருக்குப் பக்கத்தில் எர்த் இல்லாமல் கிடக்கும் எந்த உலோகத்திலும், உண்மையான தொடுகை இல்லாவிட்டாலும், மெல்லிய மின்னேற்றம் தொற்றிக்கொள்ளும். அதற்கே நியோன் பல்ப் எரிந்துவிடும். மல்ரிமீற்றரும் அப்படித்தான், 80, 90 வோல்ட் என்று பேய்க்கணக்குக் காட்டும். என்னுடைய மீற்றர் குழாய்க்கும் வீட்டு எர்த்துக்கும் இடையில் 90 காட்டியது. 'பேய்தான்' என்று ஆறுதல் பட்டுக்கொண்டு, காய்ந்த தடியால் குழாயைத் தட்டினேன். 226க்குப் பாய்ந்தது. திரும்பத் தட்ட 90. இன்னொரு தட்டு, 226. பேய் இப்படி விட்டு விட்டு வராது. உள்ளே எங்கோ லைவ் கம்பி குழாயைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது.

இதற்குமேல் தனியாகப் போகக்கூடாது என்று தெரிந்தது. சுன்னாகத்திலிருந்து ஒரு அண்ணையைக் கூப்பிட்டேன். அறுபது தாண்டியவர், ஊரில் பாதி வீடுகளுக்கு வயறிங் செய்தவர். வந்ததும் முதலில் ரிப் சுவிச்சைப் பார்த்தார், போகிற மின்னோட்டமும் வருகிறதும் சமனில்லை என்றால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிச் அது. 30 மில்லி அம்பியர், நல்ல நிலையில் இருந்தது. பட்டனை அழுத்தினார், டக்கென்று விழுந்தது.

"அண்ணை, ரிப் சுவிச் வேலை செய்யுது. பிறகு ஏன் அம்மாவுக்கு அடிச்சபோது விழேல்லை?"

"விழுறதுக்கு கறண்ட் எங்கயாவது போகோணும் தம்பி. உது போறதுக்கு வழி இல்லாமல் குழாயில நிக்குது."

பிறகு அவர் செய்த வேலையை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஹோல்டரில் மாட்டிய 15 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்றின் ஒரு வயரைப் போர்ட்டில் உள்ள எர்த்தில் இறுக்கினார். றப்பர் கையுறை போட்டுக்கொண்டு மற்ற வயரைக் குழாயில் வைத்தார். பல்ப் ஒரு கண் சிமிட்டவில்லை, ரிப் சுவிச் விழுந்துவிட்டது. பேயாக இருந்தால் 15 வாட்ஸ் பல்ப்பை அசைக்கக்கூட அதற்குப் பலம் இருந்திராது, ரிப் சுவிச்சும் சும்மா இருந்திருக்கும். ஆக ஒரே தொடுதலில் மூன்று விசயம் தெரிந்தது. குழாயில் இருப்பது நேரடி லைவ். ரிப் சுவிச் நன்றாகவே இருக்கிறது. குழாய்க்கு எர்த் இல்லை.

அந்த ரிப் சுவிச் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கும் நல்ல பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. அது விழுந்தால் எர்த்தும் சரி என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பட்டன் செய்வது வேறு. சுவிச்சின் ஒரு பக்க லைவிலிருந்து மறுபக்க நியூட்ரலுக்கு ஒரு தடை வழியாகக் கொஞ்சம் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு, போகிறதும் வருகிறதும் சமனில்லை என்று காட்டுகிறது. எர்த் வயரை அது தொடவே தொடாது. எர்த் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுத்தினாலும் டக்கென்று விழும்.

அம்மா றப்பர் செருப்போடு, காய்ந்த சீமெந்தில் நின்றபடி தொட்டதால் ஒன்றிரண்டு மில்லி அம்பியர்தான் அவர் உடம்பு வழியாகப் போயிருக்கும். உணரப் போதும், ரிப் சுவிச் விழப் போதாது. வெறுங்காலோடு ஈரத்தில் நின்றிருந்தால் அது விழுந்திருக்கும், ஆனால் எர்த் கம்பியின் வேலையை அம்மா செய்திருப்பார். அண்ணை இதை விளக்கியபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. "ரீச்சர், இனித் தொட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி வேண்டாம்" என்றார் அவர். ஊரில் எல்லோருக்கும் அம்மா ரீச்சர்தான்.

அந்த இணைப்புக்குப் பழைய பீங்கான் பியூஸ். அண்ணை அதைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் தெரியாமல் போட்டுவிடக்கூடாதாம். மெயினையும் நிறுத்திவிட்டுக் குழாயைப் பின்தொடர்ந்து போனோம்.

மதில் தொடங்கும் மூலையில், வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில், குழாய் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. திருப்புளியால் சுரண்டினார். இரும்பு இல்லை, பிளாஸ்ரிக். இரண்டடி நீளத்தில் ஒரு பி.வி.சி. துண்டு, இரண்டு பக்கமும் இரும்புக் குழாயின் மேல் செருகி, பசை பூசி, சுண்ணாம்பு அடித்து மறைத்த வேலை.

"ஆர் செய்தது?" என்றார்.

நான்தான். 2011இல் அந்த இடம் கறள் பிடித்து ஓட்டையாகி இருந்தது. உள்ளே மழைத்தண்ணி போகக்கூடாது என்ற ஒரே நினைப்பில் வெட்டி எடுத்துவிட்டு பி.வி.சி. வைத்தேன். வேலை நேர்த்தியாக வந்தது என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியதும் ஞாபகம். குழாய்தான் எர்த் என்று தெரியாதவனின் நேர்த்தி. அன்றிலிருந்து மதில் பக்கம் இருந்த 11 மீற்றர் இரும்பும் மோட்டரின் உடம்பும் எர்த்தே இல்லாத தனித் தீவு.

தீவாக இருந்தாலும் லைவ் படாதவரை ஒன்றும் ஆகாது. பட்டது எங்கே என்று மோட்டர் அறைக்குள் தெரிந்தது. குழாய் முடியும் வாயில் புஷ் இல்லை, விளிம்பு வயரை வெட்டாமல் மாட்டும் வளையம் அது. வாளால் அறுத்த இரும்பின் உள் விளிம்பு சவர அலகு மாதிரி. அதற்கு மேலால் இரண்டு வயரும் வளைந்து மோட்டருக்குப் போகின்றன. மோட்டர் ஓடும் ஒவ்வொரு நாளும் நடுங்கி நடுங்கி, சிவப்பு வயரின் தோல் அறுபட்டு, செம்பு ஓர் அரிசியளவு தெரிந்தது. வயர்களை இழுத்து எடுக்க முன், மெகர் என்ற காப்புச் சோதனைக் கருவியால் 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தபோது வயருக்கும் குழாய்க்கும் இடையில் காப்புத் தடை 0.02 மெகா ஓம். ஒன்றுக்குக் குறையக்கூடாது.

பழைய குழாயில் எதை வைத்திருக்கலாம், எதை எறியலாம் என்று அடுத்த கேள்வி. மல்ரிமீற்றரை வைத்து ஒவ்வொரு மூட்டாகத் தடை பார்த்தேன். தாழ்வாரத்தின் கீழே இருந்த 7 மீற்றரில் எல்லாம் அரை ஓமுக்குள் வந்தது, சந்தோசப்பட்டேன். அண்ணை தலையை ஆட்டினார். மல்ரிமீற்றர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. கறளுக்குள் ஊசிமுனையளவு இரும்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் 'சரி' என்று சொல்லிவிடும். பழுது வரும்போது ஓடப்போவது அம்பியர் கணக்கில்.

பக்கத்து வீட்டு ஓட்டோவின் 12 வோல்ட் பற்றரியைக் கடன் வாங்கினார். 55 வாட்ஸ் ஹெட்லைற் பல்ப் ஒன்று. பற்றரியின் ஒரு முனையிலிருந்து பல்ப், பல்ப்பிலிருந்து குழாயின் ஒரு நுனி. மறுநுனியிலிருந்து தடித்த வயரால் பற்றரியின் மற்ற முனைக்கு. நாலரை அம்பியர் போகும். குழாய் நல்லதென்றால் பல்ப் பளிச்சென்று எரியும். முதல் இரண்டு மூட்டும் தாண்டி எரிந்தது. மூன்றாவது மூட்டைச் சேர்த்ததும் மங்கி, ஒரு தரம் மினுங்கி, அணைந்தது. என் மல்ரிமீற்றர் 0.4 ஓம் என்று சொன்ன மூட்டு அது. கழற்றினால் திருகுப் புரியில் சுற்றிய கறள் தூளாகக் கொட்டியது. 12 வோல்ட் ஆளுக்கு ஒன்றும் செய்யாது, செலவும் இல்லை. இவ்வளவு எளிதான சோதனையை எனக்கு இதற்கு முன் யாரும் சொல்லித் தரவில்லை. பற்றரி முனைகளை மட்டும் ஒன்றோடொன்று முட்டவிடக்கூடாது.

மதில் பக்கத்து 11 மீற்றரும் வெளியே போயிற்று. பதிலுக்கு என்ன போடுவது என்று கடையில் ஒரு விவாதம். "இந்தக் காலத்தில ஆர் அண்ணா இரும்பு போடுகினம்? பி.வி.சி. போடுங்கோ, எர்த் தலையிடியே இல்லை" என்றான் பொடியன். அவன் சொன்னது பிழை இல்லை. வீட்டுக்குள் நானும் பி.வி.சி.தான் போட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் மதிலுக்கு மேலே இரண்டு தென்னை. மட்டை விழும், சில நேரம் குலையோடு தேங்காயும் விழும். அணில்களுக்குப் பிளாஸ்ரிக்கைக் கொறிப்பதில் என்ன ருசியோ தெரியாது. வெயில் பட்ட மூன்றாம் வருடம் மலிவுக் குழாய் முட்டை ஓடு மாதிரி உடைகிறது. அதனால் வெளியே இரும்பு, ஆனால் உள்ளும் புறமும் நாகம் (சிங்க்) பூசிய கொண்டிட். தண்ணிக்குப் போடும் ஜீ.ஐ. பைப்பைப் போட்டால் என்ன என்று கேட்டேன். அதன் உள்பக்க மூட்டுத் தையல் கரடுமுரடு, வயரை இழுக்கும்போதே தோலை உரிக்கும் என்று அண்ணை தடுத்துவிட்டார்.

குழாயை அறுத்த ஒவ்வொரு முறையும் உள் விளிம்பை வட்ட அரத்தால் தேய்த்து, சுண்டு விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தோம். விரல் கீறினால் வயரும் கீறும். திருகு வெட்டும் டை அண்ணையிடமே இருந்தது. திருகு வெட்டிய இடத்தில் நாகப் பூச்சு போய்விடும், அங்கேதான் முதல் கறள் வரும். ஆகவே இரண்டு குழாயை இணைக்கும் கப்ளிங்கை இறுக்கிய பிறகு வெளியே தெரிந்த திருகுகளில் நாகம் கலந்த பெயின்ற் பூசினோம். இறுக்குவதற்கு முன் பூசக்கூடாது, பெயின்ற் இடையில் போய்த் தொடுகையைக் கெடுக்கும். பழைய எனாமல் குழாய் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் பூச்சைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகுதான் நட்டை இறுக்கினோம். குழாய் வாய் ஒவ்வொன்றிலும் பித்தளைப் புஷ். சிறுகாசு விலை. பதினைந்து வருடத்துக்கு முன் ஒன்று வாங்கியிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிராது.

குழாயை மதிலோடு பிடிக்கும் சடில் ஒன்றரை மீற்றருக்கு ஒன்று அடித்தோம். மதிலின் ஆகத் தாழ்ந்த இடத்தில் உள்ள பெட்டியின் அடியில் சிறு துளை ஒன்று. பகலில் சுடும் இரும்பு இரவில் குளிரும்போது உள்ளே வியர்க்கும், அந்தத் தண்ணி போக வழி வேண்டும். நான் அதைப் பூச்சி போகாமல் அடைக்கப் பார்த்தேன், பேச்சு வாங்கினேன்.

இப்போது உள்ளே மூன்று வயர், எல்லாம் 7/0.67, அதாவது 2.5 சதுர மி.மீ. மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். குழாய் தொடர்ந்து போகிறது என்றாலும் எர்த்துக்குத் தனி வயர் ஒன்று உள்ளேயே போகிறது. குழாயின் இரண்டு நுனியும் அதனோடு இணைந்திருக்கின்றன. நாளைக்கு இன்னொரு மூளைசாலி நடுவில் பி.வி.சி. வைத்தாலும் இரண்டு பக்க இரும்புக்கும் எர்த் இருக்கும். வயரை இழுக்க முகப்பவுடர் தடவினோம். சவர்க்காரம் வேண்டாம், காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மோட்டர் நடுங்குவதால் கடைசி ஒன்றரை அடிக்கு வளையும் குழாய். அது இரும்புச் சுருளாக இருந்தாலும் அதை எர்த்தாக நம்பக்கூடாது, பச்சை வயர் மோட்டரின் உடம்புத் திருகு வரை போகவேண்டும்.

லைவும் நியூட்ரலும் ஒரே இரும்புக் குழாய்க்குள் போகவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணை ஒரு வீட்டில் லைவை ஒரு குழாயாலும் நியூட்ரலைப் பக்கத்துக் குழாயாலும் இழுத்திருந்ததைக் கண்டாராம். போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று கழித்துவிடும். பிரித்துவிட்டால் சுற்றியிருக்கும் இரும்பு காந்தமாகிச் சூடேறும். ஒரு பல்ப்புக்குத் தெரியாது, மின்னோட்டம் கூடக் கூடச் சூடும் கூடும்.

சரி, குழாய் முடிந்தது, எர்த் எங்கே போய்ச் சேர்கிறது? இதில்தான் எங்களுக்கு மூன்று நாள் போனது.

இலங்கையில் வீடுகளுக்குத் தெருவிலிருந்து லைவும் நியூட்ரலும்தான் வரும், எர்த்தை வீட்டுக்காரர் தன் வளவில்தான் தேடிக்கொள்ள வேண்டும். அமெரிக்க வீடியோக்களில் மெயின் போர்ட்டில் எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாக இறுக்கிக் காட்டுவார்கள். அது அவர்களுடைய ஏற்பாட்டுக்கு. இங்கே அப்படிச் செய்தால், தெருவில் நியூட்ரல் அறுந்த அன்று வீட்டிலுள்ள இரும்பு எல்லாம் உயிர் பெற்றுவிடும்.

எங்கள் பழைய எர்த் முன்பக்கம், ஒரு நாலடிக் கம்பி. அளந்தால் 610 ஓம். கிளாம்ப் பச்சையாகப் பூத்து, தொட்டதும் கழன்றது. 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச்சுக்குக் கணக்குப் பார்த்தால் 1,667 ஓம் வரை போகலாம் (50 வோல்ட்டை 0.03ஆல் வகுத்தால் வருவது). ஆனால் இங்கே பின்பற்றும் பிரித்தானிய வயறிங் விதிகளான பி.எஸ். 7671 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எர்த் நிலைக்காது, மண் காய்ந்தால் கைவிடும் என்று எச்சரிக்கின்றன. ஆவணி மாதத்து உரும்பிராய் மண்ணைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

புதுக் கம்பியை அடிக்கத் தொடங்கினோம். ஒன்றரை அடி செம்மண்ணில் வெண்ணெயில் போவது போலப் போயிற்று. பிறகு 'டங்'. சுண்ணாம்புக் கல். இரண்டு அடி தள்ளி அடித்தோம், டங். அலவாங்கால் கல்லை உடைத்து இறக்கலாம் என்று மருமகன் முயன்றான். அரை மணித்தியாலத்தில் அரை அடி. எங்கள் வலிகாமப் பகுதியில் கிணறு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள், ஆனால் எங்கள் கைகள் அந்தக் கைகள் இல்லை.

அண்ணை முதலில் சொன்ன வழி பழைய வழி: கிடங்கு வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பியைப் புதைப்பது. தடை உடனே குறையும், உண்மை. ஆனால் கிணறு பதினைந்து அடியில். எங்கள் சுண்ணாம்புக் கல் முழுதும் வெடிப்பும் துவாரமும், மேலே போட்டது கீழே குடிதண்ணிக்குள் இறங்கும். உப்பு செம்பையும் தின்னும், மாரிக்கு மாரி கரைந்து போவதால் திரும்பத் திரும்பப் போடவும் வேண்டும். நான் மாட்டேன் என்றேன். அண்ணை கொஞ்ச நேரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செம்புக் கம்பியைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டால் என்ன என்று மருமகன் கேட்டான். பழுது வரும் கணத்தில் யாராவது உள்ளே இறங்கிக் கிணறு இறைத்துக்கொண்டிருந்தால்? அதோடு அந்த யோசனை போயிற்று.

வழி காட்டியவர் அம்மா. "ஆழம் போகாட்டி நீளமாப் போடுங்கோவன். வாழையடியில எந்த நாளும் ஈரம்தானே."

கிணற்றடியில் குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணி முழுதும் வாய்க்கால் வழியே வாழைப் பாத்திக்குப் போகும். பங்குனி வெயிலிலும் அங்கே மண் காயாது. பாத்தியின் ஓரமாக இரண்டடி ஆழத்தில் ஆறு மீற்றர் நீளத்துக்குக் கான் வெட்டி, 25 மி.மீ. அகலம் 3 மி.மீ. தடிப்பான செம்புப் பட்டியை நெடுகப் படுக்க வைத்தோம். கல் பொறுக்கி அரித்த செம்மண்ணைப் போட்டு, தண்ணி ஊற்றி மிதித்தோம். மண் பட்டியை இறுகத் தழுவியிருக்க வேண்டும், இடையில் காற்று இருந்தால் பயனில்லை. நாளைக்கு வாழைக்குட்டி பிரிக்க மண்வெட்டி போடும்போது வெட்டுப்படாமல், மேலே உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி மூடினோம். பட்டியின் ஒரு நுனி மூடியுள்ள சின்னச் சீமெந்துத் தொட்டிக்குள் வருகிறது, கழற்றி அளப்பதற்கு. அங்கிருந்து 6 சதுர மி.மீ. பச்சை மஞ்சள் வயர் பி.வி.சி. குழாய்க்குள் போர்ட்டுக்குப் போகிறது. இணைப்புக்குப் பித்தளைப் போல்ற், மேலே தடித்த கிறீஸ்.

எர்த்தின் தடையை அளப்பதற்கு மூன்று முளை முறை. பட்டியிலிருந்து 30 மீற்றர் தள்ளி ஒரு முளை, அந்தத் தூரத்தில் நூற்றுக்கு 62 பங்கில், பதினெட்டரை மீற்றரில், இன்னொன்று. எங்கள் வளவு அவ்வளவு நீளம் இல்லை. பக்கத்துக் காணிக்குள் போய் நீட்டு வயரோடு முளை அடிக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டு மாமி விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் பொறுக்காமல் வேலிக்கு வந்தார். "என்ன ராசா, எல்லை அளக்கிறியளோ?" யாழ்ப்பாணத்தில் அடுத்தவர் காணிக்குள் முளை அடிப்பது மின்சாரத்தைவிட ஆபத்தான வேலை. விளக்கி, தேத்தண்ணி குடித்து, அரை மணித்தியாலம் கழித்துத்தான் வாசிப்பு எடுக்க முடிந்தது. 46 ஓம். நடு முளையை இரண்டு மீற்றர் இங்கும் அங்கும் நகர்த்தினோம்: 45, 48. சரியான அளவுதான்.

இவ்வளவு பாடுபட்டும் 46 ஓம் என்பது பிரேக்கருக்குப் போதாது என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பீங்கான் பியூசுக்குப் பதிலாக சி வகை 10 அம்பியர் பிரேக்கர் போட்டிருக்கிறோம். அது உடனே விழ 100 அம்பியர் வரை வேண்டியிருக்கும். லைவ் குழாயில் முழுதாகப் பட்டால் ஓடப்போவது 230ஐ 46ஆல் வகுத்தால், 5 அம்பியர். பிரேக்கர் அதை மோட்டர் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டு நிற்கும். விழப்போவது ரிப் சுவிச் மட்டும். ஆனால் 5 அம்பியர் என்பது 30 மில்லி அம்பியரைப் போல நூற்றைம்பது மடங்குக்கு மேல், சந்தேகமில்லாமல் விழும். எங்களிடம் எர்த்தும் ரிப் சுவிச்சும் சோடி. ஒன்று இல்லாவிட்டால் மற்றதை நம்பிப் படுக்க முடியாது.

கடைசிச் சோதனைகள் அரை மணித்தியாலத்தில் முடிந்தன. புது வயரின் காப்புத் தடை மெகரின் எல்லையைத் தாண்டியது. ஓட்டோ பற்றரி மறுபடி வந்தது. குழாய் முழுவதையும் சேர்த்து, ஒவ்வொரு மூட்டையும் தட்டித் தட்டிப் பார்த்தபோதும் பல்ப் மங்கவில்லை. ரிப் சுவிச்சை அதற்கான கருவியால் மோட்டர் அறையிலிருந்தே சோதித்தார், உண்மையான எர்த் வழியாக. 24 மில்லி செக்கனில் விழுந்தது. 300 வரை விடலாம்.

கார்த்திகை மழைக்குப் பிறகு அண்ணை அந்தப் பக்கம் வந்தபோது திரும்ப அளந்தோம். 19 ஓம். மாமி இந்த முறை வேலிக்கு வரவில்லை, தேத்தண்ணியோடு கூப்பிட்டார். அம்மாவுக்குத் துவாய் போட இரண்டு தென்னைக்கும் இடையில் நைலோன் கொடி கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் குழாயைக் கடக்கும்போது புறங்கையால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் போகிறார். சொல்லிப் பார்த்தாயிற்று.

முன் கேற் விளக்குக்குப் போகும் குழாயும் அதே வயதுதான். போன ஞாயிற்றுக்கிழமை பற்றரியும் பல்ப்பும் வைத்துப் பார்த்தேன். இரண்டாம் மூட்டிலேயே பல்ப் எரியவில்லை. அதன் பியூஸ் இப்போது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, அம்மா ரோச் லைற்றோடு போய்க் கேற் பூட்டுகிறார்.